ஓகர் கிட்ட வந்து சேர்றதுக்குள்ளயே செத்துப்போகுது: டி&டி 5ஆம் பதிப்பில் துப்பாக்கியை எப்படிச் சமன் செய்வது?

மலைப்பாதை (கேள்வி)

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையில பகடை உருட்டி ஆடுற கதாபாத்திர ஆட்டம்) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். நாலு பேர், எல்லாரும் லெவல் 5. உலகம் 1900களின் தொடக்கம் மாதிரி. ரயில் இருக்கு, தந்தி இருக்கு, காட்டுக்குள்ள ஓகர், ட்ரோல்னு ராட்சத மான்ஸ்டர்களும் இருக்கு. துப்பாக்கிகளை, ஆட்டம் நடத்துறவருக்கான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு புத்தகத்தோட நவீனத் துப்பாக்கிப் பட்டியல்ல இருந்து அப்படியே எடுத்திருக்கேன்.

குழு: வேட்டை ரைஃபிள் (டேமேஜ் 2டி10, அதாவது பத்துமுகப் பகடை ரெண்டு) வெச்சிருக்கிற ஃபைட்டர் (போர்வீரர்), டெக்ஸ் (சுறுசுறுப்பு) 18, ஆர்ச்சரி ஸ்டைல். ரிவால்வர் (2டி8) வெச்சிருக்கிற ரோக் (மறைஞ்சு அடிக்கிறவர்). ஒரு கிளெரிக் (பூசாரி). வாளும் கேடயமுமா ஒரு பாலடின்.

புல்வெளி, 120 அடி தூரத்துல மூணு ஓகர். எக்ஸ்பி (சண்டை எவ்வளவு கடினம்னு அளக்கிற அனுபவப் புள்ளி) கணக்குப்படி 450 × 3 = 1350, மூணு எதிரிக்கு இரண்டால பெருக்கினா 2700. நாலு பேருக்கு மீடியம் 2000, ஹார்டு 3000. அதாவது ஹார்டுக்குக் கொஞ்சம் கீழ. ஆனா மேசையில நடந்தது: ஒரு ஓகர் பாதி வழியில விழுந்தது, அடுத்தது வந்து சேர்ந்ததும் விழுந்தது, மூணாவது ஒரே ஒரு தடவை தடியை வீசுச்சு. பாலடின் வாளை உருவி வெச்சுக்கிட்டு நின்னதோட சரி.

யோசிச்சு வெச்சிருக்கிற வழிகள்: (அ) மான்ஸ்டர் எச்பியை (உயிர்ப் புள்ளி) இரட்டிப்பாக்குறது, (ஆ) தோல் தடிமன்னு சொல்லி ஒவ்வொரு அடியிலயும் 5 கழிக்கிறது, (இ) பகடையில 1 விழுந்தா துப்பாக்கி சிக்கிக்கும்னு விதி வைக்கிறது, (ஈ) துப்பாக்கி டேமேஜைப் பாதியாக்குறது. துப்பாக்கியே வேணாம்னு சொல்ல முடியாது, அந்த உலகத்துக்காகத்தான் எல்லாரும் வந்திருக்காங்க. எதைத் தொடலாம்?

சுழியன்

எச்பியைத் தொடாதீர்கள். கணக்கு எந்த இடத்தில் உதைக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

உங்கள் ஃபைட்டருக்குத் தாக்குதல் (இருபதுமுகப் பகடையோடு கூட்டும் எண்) +9 (டெக்ஸ் 18க்கு 4, ப்ரொஃபிஷியன்சி அதாவது தேர்ச்சிக்கு 3, ஆர்ச்சரிக்கு 2). ஓகர்: ஏசி (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 11, எச்பி 59, வேகம் 40 அடி. பகடையில் 1 விழுந்தால்தான் குறி தப்பும். ஆக 95 சதவீதம் படும். ஒரு தோட்டா 2டி10+4, சராசரி 15. லெவல் 5 ஆனதால் ஒரு சுற்றுக்கு இரண்டு தோட்டா. கிரிட் (பகடையில் 20 விழுந்தால் டேமேஜ் பகடை இரட்டிப்பு) சேர்த்து ஒரு சுற்றுக்குச் சராசரி 29.6.

வேட்டை ரைஃபிளின் தூரம் 80/240 அடி (இயல்பு/அதிகபட்சம்). 120 அடியில் நிற்கும் ஓகரைச் சுடும்போது டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) உண்டு, அதை நீங்கள் போட்டீர்களா என்று தெரியவில்லை. போட்டாலும் ஏசி 11க்கு எதிராகப் பெரிதாக ஒன்றும் ஆகாது. 95 சதவீதம் 90 ஆகக் குறையும், அவ்வளவுதான். இது பலர் கவனிக்காத இடம்: ஏசி குறைந்த மான்ஸ்டரை டிஸ்அட்வான்டேஜ் காப்பாற்றாது. ஏசி 15 உள்ள ட்ரோலுக்கு அதே டிஸ்அட்வான்டேஜ் 75ஐ 56 ஆக்கிவிடும்.

இப்போது சுற்று சுற்றாக. ஃபைட்டர் முதலில் சுடுகிறார்: 27. ஓகர் டாஷ் போட்டு (அடிக்காமல் இரட்டிப்புத் தூரம் ஓடுவது) 80 அடி ஓடி வருகிறது, இடைவெளி 40 அடி. ஃபைட்டர் மறுபடி சுடுகிறார்: 29.6. மொத்தம் 57க்குக் கொஞ்சம் கீழே. ஓகருக்கு மிச்சம் 2 எச்பி. ரோக் ஒரு தோட்டா போட்டால் கதை முடிந்தது.

அதே ஃபைட்டர் கையில் லாங்போ (நீள வில், 1டி8, தூரம் 150/600) இருந்தால் சுற்றுக்கு 16.6, இரண்டு சுற்றில் 33. ஓகர் 26 எச்பியோடு வந்து நிற்கும். தடி பட்டால் சராசரி 13. பாலடினுக்கு வேலை வரும். நீங்கள் தேடும் சண்டை முழுக்க அந்த 26க்குள்தான் இருக்கிறது.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: மான்ஸ்டர் வந்து தொடுவதற்கு முன்னால் எத்தனை சுற்றுச் சூடு இனாமாகக் கிடைக்கிறது, ஒவ்வொரு சுற்றின் விலை என்ன. நான் மாற்றச் சொல்வது இரண்டு.

முதலாவது, துப்பாக்கி டேமேஜில் டெக்ஸ் கூட்டாதீர்கள். குறி பார்க்கும் திறமை ஏற்கெனவே +9க்குள் வந்துவிட்டது. தோட்டாவின் வேகம் சுடுகிறவர் கையில் இல்லை. ரைஃபிள் வெறும் 2டி10, சராசரி 11. கிரேட்சோர்டு 2டி6+4ம் சராசரி 11தான். ரிவால்வர் 2டி8, சராசரி 9, லாங்போவின் 8.5க்குப் பக்கத்தில். இந்த ஒரு மாற்றத்திலேயே கத்தியும் துப்பாக்கியும் ஒரே தட்டில் வந்துவிடும். மேலே போட்ட கணக்கை மறுபடி போட்டால் முதல் சுற்று 20, இரண்டாவது 22, ஓகர் 17 எச்பியோடு வந்து சேரும். ரோக்கின் ஸ்னீக் அட்டாக் கூடுதல் டேமேஜைத் தொட வேண்டாம்.

இரண்டாவது, தோட்டா நிரப்புவது. சுற்றுக்கு ஒரு முழுச் செயல் (ஆக்‌ஷன்), ஒரு குறுஞ்செயல் (போனஸ் ஆக்‌ஷன்) உண்டு; புத்தகப்படி ஆக்‌ஷனோ போனஸ் ஆக்‌ஷனோ எதையாவது கொடுத்து முழுசாக நிரப்பலாம். ஃபைட்டருக்குப் பெரும்பாலும் போனஸ் ஆக்‌ஷன் சும்மா கிடக்கும். ஆக நிரப்புவதற்குச் செலவே இல்லை. ரைஃபிளுக்கு ஐந்து தோட்டாவும் நிரப்ப ஒரு முழு ஆக்‌ஷன், போனஸ் ஆக்‌ஷன் என்றால் ஒரே ஒரு தோட்டா என்று வையுங்கள். போனஸ் ஆக்‌ஷனுக்கு இரண்டு என்று வைத்தால் பயனில்லை: சுற்றுக்கு இரண்டு சுட்டு இரண்டு போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒன்று என்றால் மூன்றாவது நான்காவது சுற்றில் கை காலியாகும். மான்ஸ்டர் வந்து சேர்வதும் அப்போதுதான்.

ஷாட்கன்னுக்கு (2டி8, 30/90, இரண்டு தோட்டா) பழைய விதியே போதும். தூரமே அதற்குக் கடிவாளம்.

நரிக்குறி

சுழியன் சொன்ன கணக்கோட முழுசா ஒத்துப்போறேன். ஆனா டேமேஜை மாத்துறதுக்கு முன்னாடி நிலத்தைப் பாருங்க. மொட்டைப் புல்வெளியில 120 அடி விட்டா வில்லு வெச்சிருக்கிற குழுவே ஓகரை முடிச்சிடும்.

5ஆம் பதிப்பு டி.எம். (ஆட்டம் நடத்துறவர்) ஸ்கிரீன்ல எதிரியை எவ்வளவு தூரத்துல பார்க்கலாம்னு ஒரு பட்டியல் இருக்கு. புல்வெளின்னா 6டி6 × 10 அடி, சராசரி 210. காடுன்னா 2டி8 × 10, சராசரி 90. ஒரே மூணு ஓகர்தான், ஆனா காட்டுல ஒரு சுற்று முன்னாடியே கைகலப்பு ஆரம்பிச்சிடும். தூரத்தை நீங்களா தோணின மாதிரி வைக்காம உருட்டுங்க. 30 அடியில திடீர்னு வர்ற சண்டையும் 150 அடியில வர்ற சண்டையும் மாறி மாறி வரும். ரைஃபிள்காரருக்கு நல்ல நாளும் இருக்கணும், அதுக்காகத்தான் அவர் அந்த ஆயுதத்தை எடுத்தார்.

மேசையில அடிக்கடி விட்டுப்போற விதிகள்:

நடுவுல நிக்கிற ஆள் பாதி மறைவு. பாலடின் முன்னாடி போய் ஓகரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும்போது பின்னாடியிருந்து சுட்டா ஓகருக்கு ஏசி +2. முக்கால் மறைவுன்னா +5. ஷார்ப்ஷூட்டர் ஃபீட் (விருப்பப்பட்டு எடுக்கிற சிறப்புத் திறன்) இருந்தா இந்த ரெண்டும் போயிடும், அதனால அந்த ஃபீட்டை எடுக்கிறாங்களான்னு கவனிங்க. அதோட -5/+10 பகுதி (குறியில 5 கழிச்சு டேமேஜ்ல 10 கூட்டுறது) நவீனத் துப்பாக்கியில சேர்ந்துச்சுன்னா ஏசி 11 ஓகர் எந்த நிலத்துலயும் நிக்காது.

5 அடிக்குள்ள எதிரி நின்னா தூரத் தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ். கன்னர் ஃபீட் (டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகம், 2020) அதை நீக்கிடும், கிராஸ்போ எக்ஸ்பர்ட்டும் நீக்கிடும். ரெண்டாவதைப் பத்தி நிறைய பேர் நினைக்கிறது கிராஸ்போவுக்கு மட்டும்னு. அந்த வரி எல்லாத் தூரத் தாக்குதலுக்கும் பொருந்தும்.

படுத்துக்கிட்டிருக்கிற ஆளைத் தூரத்துல இருந்து சுட்டா டிஸ்அட்வான்டேஜ். ஒரு கோப்ளின் நகர்ந்து, புல்லுக்குள்ள படுத்து, அடுத்த சுற்றுல பாதி வேகத்தைச் செலவழிச்சு எழுந்து ஓடலாம். படுக்கிறதுக்குச் செலவே இல்லை.

மங்கல் வெளிச்சம் சுடுறதைத் தடுக்காது, பார்வையால வர்ற பெர்செப்ஷனை (கவனிச்சுக் கண்டுபிடிக்கிறது) மட்டும்தான் தடுக்கும். முழு இருட்டுதான் டிஸ்அட்வான்டேஜ் தரும். ஓகருக்கு 60 அடி டார்க்விஷன் (இருட்டுல பார்வை) இருக்கு. மனுஷன் கையில லாந்தர் எரிஞ்சா ஓகர் அவனை எங்கிருந்தும் பார்க்கும், அவன் வெளிச்சம் விழுற தூரம் வரைக்கும்தான் பார்ப்பான்.

ரைஃபிளால வாய்ப்புத் தாக்குதல் (பக்கத்துல இருந்து விலகிப் போற எதிரியை அடிக்கிறது) செய்ய முடியாது. விதி நெருங்கி அடிக்கிற தாக்குதல்னு தெளிவா சொல்லுது. அதனால ரெண்டு துப்பாக்கிக்காரங்க மட்டும் நிக்கிற வரிசையை ஓநாய் சும்மா தாண்டிப் போய் பின்னாடி இருக்கிற கிளெரிக்கைக் கடிக்கலாம். வாள் வெச்சிருக்கிற பாலடின் நின்னா அது முடியாது. பாலடினுக்கு வேலை இல்லைன்னு சொன்னீங்க, அவரோட முதல் வேலை இது. அதை மேசையில ஒரு தடவை காட்டிட்டா எங்க நிக்கணும்னு அவங்களே பேசி முடிவு பண்ணுவாங்க.

கடைசியா சத்தம். துப்பாக்கிச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும்னு புத்தகத்துல இல்லை. தண்டர்வேவ் மந்திரம் 300 அடி கேட்கும்னு போட்டிருக்கு, அதையே எடுத்துக்கங்க. முதல் தோட்டா வெடிச்சதும் 300 அடி தள்ளி இருக்கிற ஓகர் டாஷ் போட்டு ஓடி வந்தா நாலாவது சுற்றுல வந்து சேரும். சுழியன் கணக்குல ரைஃபிள் காலியாகிற நேரம்.

மலைப்பாதை

டிஸ்அட்வான்டேஜ் போடவே இல்லை, தூரப் பத்தியை 240னு மட்டும் பார்த்துட்டேன். பாதி மறைவும் போடலை. டெக்ஸ் கூட்டாம இருக்கிறதை இந்த வாரமே பேசிடறேன்.

ஆனா தோட்டா சிக்கிக்கிற விதி மேல இன்னும் ஆசை இருக்கு. அந்தக் காலத்துத் துப்பாக்கிங்கிற மணம் அதுலதான் வருதுன்னு தோணுது. தோல் தடிமன் யோசனையும் ஏன் தப்புன்னு யாரும் சொல்லலையே?

கருங்காலி

ரெண்டையும் எண்ணில் வைத்துப் பார்த்தால் புரியும்.

தோல் தடிமன்: ரைஃபிள் 15 அடிக்கிறது, 5 கழித்தால் 10. மூன்றில் ஒரு பங்கு போனது. பாலடின் லாங்சோர்டு, ட்யூலிங் ஸ்டைல் என்று வைத்தால் 1டி8+4+2, சராசரி 10.5. 5 கழித்தால் 5.5. ஏறக்குறையப் பாதி போனது. துப்பாக்கியை அடக்க வைத்த விதி வாளைத்தான் அதிகம் வெட்டுகிறது. ஒவ்வொரு அடியிலும் நிலையான எண்ணைக் கழிக்கும் எந்த விதியும் சின்ன அடியைத்தான் தண்டிக்கும். எச்பியை இரட்டிப்பாக்கினாலும் இதே கோளாறு: ரைஃபிள் இரண்டு சுற்று கூடுதலாகச் சுடும், பாலடின் நான்கு சுற்று கூடுதலாக அடி வாங்குவார். சண்டை நீளும், சமன் வராது.

தோட்டா சிக்குவது: பகடையில் 1 என்றால் ஒரு தோட்டாவுக்கு 5 சதவீதம். லெவல் 1 ஆள் சுற்றுக்கு ஒன்று சுடுகிறார், 5 சதவீதம். லெவல் 5 ஃபைட்டர் இரண்டு சுடுகிறார், ஏறக்குறைய 10. லெவல் 11ல் மூன்று, 14க்கு மேல். தேர்ச்சி ஏற ஏறத் துப்பாக்கி அதிகமாகச் சிக்குகிறது. டிஸ்அட்வான்டேஜில் சுட்டால் ஒரு தோட்டாவுக்கே 10 ஆகிறது. இருட்டில் நிற்பதற்கும் துப்பாக்கி சிக்குவதற்கும் என்ன தொடர்பு?

மணம் வேண்டும் என்றால் இப்படி வையுங்கள். ஒரு சுற்றில் முதல் தோட்டாவுக்கு மட்டும் சிக்கல் பார்ப்பது. அதுவும் துப்பாக்கி சேற்றிலோ தண்ணீரிலோ விழுந்திருந்தால், அல்லது முந்தைய இரவு துடைத்து எண்ணெய் போடாமல் இருந்திருந்தால் மட்டும். சிக்கினால் ஒரு போனஸ் ஆக்‌ஷனில் போல்ட்டை இழுத்து வெளியே தள்ளிவிடலாம். லாங் ரெஸ்டில் (இரவு ஓய்வில்) சுத்தம் செய்தோம் என்று ஒரு வரி சொன்னால் போதும். தண்டனை பகடையிலிருந்து நடத்தைக்கு மாறுகிறது, ஆற்றைக் கடக்கும் காட்சிக்கும் எடை கூடுகிறது.

இந்தப் பேச்சு முழுக்க நவீனப் பட்டியலுக்குத்தான் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே புத்தகத்தின் மறுமலர்ச்சிக் காலத் துப்பாக்கிகளுக்கு எந்த அடக்குமுறையும் தேவையில்லை. மஸ்கட் 1டி12, தூரம் 40/120, லோடிங் குணம். லோடிங் என்றால் ஓர் ஆக்‌ஷனுக்கு ஒரு தோட்டாதான், எக்ஸ்ட்ரா அட்டாக் (லெவல் 5ல் வரும் இரண்டாவது அடி) இருந்தாலும். லெவல் 5ல் மஸ்கட் சுற்றுக்கு 10.5, லாங்போ 17. கன்னர் ஃபீட் எடுத்து லோடிங்கைத் தாண்டினால்தான் மஸ்கட் மறுபடி பந்தயத்துக்கு வரும். லெவல் 1 முதல் 4 வரை மஸ்கட் கை ஓங்கும், அப்புறம் தானாக இறங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டில் நன்றாகப் பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுட்டார், அதாவது மூன்று முதல் ஐந்து சுற்றுக்கு ஒரு தோட்டா. ஆட்டம் ஏற்கெனவே தாராளமாகத்தான் கொடுத்திருக்கிறது.

இன்னொன்று: துப்பாக்கித் தோட்டா சுட்டதும் அழிந்துவிடும் என்று புத்தகம் சொல்கிறது. அம்புக்காரர் சண்டை முடிந்து ஒரு நிமிடம் தேடினால் பாதியைத் திரும்ப எடுக்கலாம். கடைசி ரயில் நிலையத்தைத் தாண்டி ஐந்து நாள் தூரத்தில் 40 தோட்டாதான் மிச்சம் என்றால், ஓகருக்கு ஆறு செலவழிக்கலாமா என்று மேசையே யோசிக்கும்.

பதிப்பாய்வன்

வேறு ஆட்டங்கள் இதே சிக்கலை எப்படித் தீர்த்தன, எங்கே தவறின என்று பார்ப்பதும் உதவும்.

தவறிய உதாரணம் பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் முதல் பதிப்பு, அதற்கு 2011ல் வந்த அல்டிமேட் காம்பாட் புத்தகம். அதில் துப்பாக்கி முதல் தூர அளவுக்குள் டச் ஏசியை (கவசத்தையும் தோலையும் சேர்க்காத ஏசி) தாக்கும். தோட்டா கவசத்தைத் துளைக்கும் என்ற எண்ணம் சரிதான். ஆனால் அந்த ஆட்டத்தில் பெரிய மான்ஸ்டர்களின் பாதுகாப்பு பெரும்பாலும் தோலிலும் செதிலிலும் இருக்கிறது, டச் ஏசியில் அது சேராது. ஓகருக்கு ஏசி 17, டச் 8. வயதுவந்த சிவப்பு டிராகனுக்கு ஏசி 29, டச் 8. ஓகரைத் தாக்குவதும் டிராகனைத் தாக்குவதும் துப்பாக்கிக்காரருக்கு ஒரே வேலை. மான்ஸ்டர் பெரிதாகப் பெரிதாகத் துப்பாக்கி பலமாகிறது. இதை ஈடுகட்ட வைத்த தோட்டா சிக்கும் விதியோ (பிஸ்டலுக்கு 1, மஸ்கட்டுக்கு 1 முதல் 2) கருங்காலி சொன்ன அதே குழியில் விழுந்தது. ஆகவே துப்பாக்கி கவசத்தைப் புறக்கணிக்கும் என்ற விதியை மட்டும் எந்த உருவத்திலும் கொண்டுவராதீர்கள்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இதை முழுக்க மாற்றியது. 2021ல் வந்த கன்ஸ் அண்ட் கியர்ஸ் புத்தகத்தில் ஃப்ளின்ட்லாக் மஸ்கட் 1டி6தான். ஆனால் ஃபேட்டல் டி10 என்ற குணம் உண்டு: கிரிட் விழுந்தால் பகடை டி10 ஆகி, இன்னொரு டி10ம் கூடும். சாதாரணமாகப் பட்டால் லேசான அடி, சரியான இடத்தில் பட்டால் பேரிடி. ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஓர் ஆக்‌ஷன் கொடுத்து நிரப்ப வேண்டும், மூன்று ஆக்‌ஷன் உள்ள சுற்றில் அது கனமான விலை. துப்பாக்கியின் பயங்கரம் சராசரியில் இல்லாமல் உச்சத்தில் இருப்பதால், ஓகர் பெரும்பாலும் வந்து சேரும், எப்போதாவது ஒரே தோட்டாவில் விழும்.

கால் ஆஃப் துலு என்ற திகில் ஆட்டத்தின் 7ஆம் பதிப்பு வேறு வழி. அங்கே துப்பாக்கி உண்மையிலேயே கொல்லும்: .38 ரிவால்வர் 1டி10, 12 கேஜ் ஷாட்கன் பத்து கெஜத்துக்குள் 4டி6. தயாராக நீட்டிய துப்பாக்கிக்கு வரிசையில் டெக்ஸ் மதிப்போடு 50 கூடும், அநேகமாக முதலில் சுடுவீர்கள். மனிதருக்கு எதிராக இதைக் குறைக்க அந்த ஆட்டம் முயலவே இல்லை. மான்ஸ்டரின் உடலைத்தான் மாற்றியது. கூல் (பிணந்தின்னி) மீது தோட்டா பாதி டேமேஜ்தான். மி-கோ என்ற வேற்றுலக உயிர் மீது குத்தித் துளைக்கும் ஆயுதம் எதுவும் பகடை தரக்கூடிய மிகக் குறைந்த எண்ணைத்தான் தரும். ஷோகாத் என்ற மான்ஸ்டர் மீது 1 புள்ளி. ஒவ்வொன்றுக்கும் உடலிலேயே காரணம் இருப்பதால் ஆட்டக்காரர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில்லை.

இதிலிருந்து 5ஆம் பதிப்புக்கு எடுக்கத்தக்கது: எல்லா ஓகருக்கும் பொதுத் தடை வைக்காமல், சில மான்ஸ்டருக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியும் காரணத்தோடு வைப்பது. 2014 விதியில் ஓநாய்மனிதன் வெள்ளி பூசாத, மந்திரமில்லாத ஆயுதத்துக்கு அசையாது. பத்துத் தோட்டாவுக்கு வெள்ளி பூச 100 தங்கக் காசு. ஐந்து வெள்ளித் தோட்டாவை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் ஒவ்வொரு உருட்டலுக்கும் மேசை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

சுழியன்

மான்ஸ்டர் தேர்வு பற்றி நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். பெரிய பகடைக்கு எதிரான மருந்து பெரிய எச்பி இல்லை, நிறைய சின்ன எச்பி. ஓகருக்கு எதிராக ரைஃபிள் 29.6, லாங்போ 16.6, கிட்டத்தட்ட 1.8 மடங்கு. கோப்ளினுக்கு எதிராக (ஏசி 15, எச்பி 7) இரண்டும் 75 சதவீதம் படும். ரைஃபிள் பட்டால் 99 சதவீதம் சாகும். அம்பு பட்டால் டி8ல் 3 வந்தாலே போதும், அதுவும் 75 சதவீதம். சுற்றுக்கு ரைஃபிள் ஒன்றரை கோப்ளின், லாங்போ ஒன்றுக்குச் சற்று மேல். இடைவெளி 1.3 மடங்காகச் சுருங்கிவிட்டது. ரைஃபிளின் மிச்ச டேமேஜ் எல்லாம் பிணத்தின் மேல் வீணாகிறது.

அடுத்து ஓட்டம். நிஜத்தில் ஆள் எவ்வளவு வேகமாக நெருங்குவான் என்பதற்கு ஓர் அளவு உண்டு. சால்ட் லேக் சிட்டி காவலர் டென்னிஸ் ட்யூலர் 1983ல் எழுதிய கட்டுரை: கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடக்கிறார். ஆறு நொடிச் சுற்றுக்குக் கணக்கிட்டால் 84 அடி. 5ஆம் பதிப்பில் மனிதர் டாஷ் போட்டும் 60 அடிதான், அதோடு அந்தச் சுற்றில் அடிக்கவும் முடியாது. நெருங்கி அடிப்பவருக்கு ஆட்டம் நிஜத்தைவிடக் கஞ்சமாக அளந்திருக்கிறது. அதைச் சரிசெய்வதில் தவறே இல்லை.

அதற்குப் புதிய விதி வேண்டாம். 2014 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் சார்ஜர் ஃபீட்டை ஓகருக்குக் கொடுங்கள்: டாஷ் போட்டபின் போனஸ் ஆக்‌ஷனில் ஓர் அடி, 10 அடியாவது நேராக ஓடி வந்திருந்தால் +5 டேமேஜ். 80 அடியில் நிற்கும் ஓகர் முதல் சுற்றிலேயே வந்து 2டி8+9 அடிக்கும். ஆர்க்குக்கு அக்ரெசிவ் என்ற குணம் ஏற்கெனவே இருக்கிறது, போனஸ் ஆக்‌ஷனில் எதிரியை நோக்கி இன்னொரு 30 அடி. 60 அடியிலிருந்து வந்து கோடரியை வீசும்.

உங்கள் மூன்று ஓகர் சண்டையை இப்படி மாற்றிப் பாருங்கள். சார்ஜர் உள்ள இரண்டு ஓகர், நான்கு ஆர்க். 900 + 400 = 1300, ஆறு எதிரிக்கு இரண்டால் பெருக்கி 2600. பழைய 2700க்குப் பக்கம்தான். (ஃபீட் கொடுத்ததற்கு எக்ஸ்பி ஏற்ற வேண்டியதில்லை, ஏசியும் எச்பியும் மாறவில்லை.) காடு, தொடக்கத் தூரம் 2டி8 × 10 உருட்டுங்கள். பாதி மறைவு தரும் மரம் ஆறேழு, நடுவில் 15 அடி அகல ஓடை, அதில் நடந்தால் இரட்டைச் செலவு. ஓடையைத் தாண்டும் ஓகருக்கு 15 அடி கூடுதலாகச் செலவாகும், அங்கேதான் ரைஃபிள்காரருக்கு நல்ல குறி கிடைக்கும். ஆர்க் நான்கும் இரண்டு பக்கமாகச் சுற்றி வரட்டும். ஓர் ஆர்க்குக்கு எச்பி 15. டெக்ஸ் கூட்டாத 2டி10ல் 15 வர 21 சதவீதம்தான் வாய்ப்பு. ஆக ஆர்க் ஒன்றுக்கு இரண்டு தோட்டா. மொத்தம் ஐந்துதான் இருக்கிறது.

மலைப்பாதை

எல்லாருக்கும் நன்றி. டெக்ஸ் இல்லை, ரைஃபிளுக்கு நிரப்ப ஆக்‌ஷன், தூரம் உருட்டுறது, சேற்றுல விழுந்தா மட்டும் சிக்குறது, இந்த நாலையும் எடுத்துக்கறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அடுத்த அமர்வுல கைவிட்ட சுரங்கத்துல சோம்பி (நடைப்பிணம்) கூட்டம் வருது. வேகம் 20 அடிதான். அதுக்கும் சார்ஜர் கொடுக்கணுமா?

நரிக்குறி

வேணாம், சோம்பி மெதுவாத்தான் வரணும். அங்க நீங்க பார்க்க வேண்டியது அன்டெட் ஃபார்ட்டிட்யூட்ங்கிற அதோட குணம். 0 எச்பிக்கு விழும்போது 5 + வாங்கின டேமேஜ்னு ஒரு டி.சி. (எட்ட வேண்டிய எண்), அதுல கான் சேவ் (உடல் உறுதிக்கான உருட்டல்) ஜெயிச்சா 1 எச்பியோட எழுந்துடும். சோம்பிக்கு +3. ரைஃபிள் 15 அடிச்சா டி.சி. 20, எழ 20 சதவீதம்தான். டெக்ஸ் இல்லாத ரைஃபிள் 11 அடிச்சா டி.சி. 16, எழ 40 சதவீதம். அம்பு 8 அடிச்சா டி.சி. 13, எழ 55. நீங்க ஏத்துக்கிட்ட முதல் மாற்றமே சோம்பியோட பிடிவாதத்தை இரட்டிப்பாக்கிடுச்சு. கிரிட்டும் ரேடியன்ட்டும் (புனித ஒளி டேமேஜ்) அந்த சேவ் உருட்டலையே தடுத்திடும், அதனால பாலடினோட டிவைன் ஸ்மைட் (வாள் அடியோட ரேடியன்ட் சேர்க்கிறது) அங்க ரைஃபிளை விட உறுதியான ஆயுதம்.

சுரங்கத்துல நேரான பாதை 40 அடிக்கு மேல வேணாம். வளைவு வளைவா வரையுங்க. ரெண்டு இடத்துல பக்கவாட்டுக் குழி வெச்சு, முதல் தோட்டா வெடிச்சதும் சத்தம் கேட்டு அதுக்குள்ள இருந்து மூணு மூணா எழுந்து வரட்டும். பின்னாடி இருக்கிற குழியில இருந்து வர்றதை கிளெரிக்குக்குப் பக்கத்துல வெச்சீங்கன்னா பாலடின் எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு முதல் சுற்றுலயே முடிவு பண்ணியாகணும். சோம்பி ஏசி 8, எச்பி 22. மொத்தம் பத்துக்கு மேல போகாதீங்க, கான் சேவ் உருட்டியே கை வலிச்சிடும்.